தாடை மூட்டு வலிக்கும் மருத்துவப் பக்கத்தில் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். முழங்கால் தேய்மானம், கழுத்து எலும்பு, இடுப்பு டிஸ்க் என்று மாறி மாறி எழுதுகிறீர்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை, பேச, மெல்ல, விழுங்க, கொட்டாவி விட என்று ஓயாமல் வேலை செய்யும் தாடை மூட்டைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரிகூட வந்ததில்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் இந்தக் கடிதம்.

காரிமங்கலத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்களில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். "கொட்டாவி விட்டா காதுகிட்ட டக்குனு சத்தம் வருதுக்கா" என்பாள் ஒருத்தி. "காலையில எந்திரிச்சா தவடையெல்லாம் மரத்துக் கிடக்குது" என்பாள் இன்னொருத்தி. கேட்டால் பல்வலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் காதுவலி. இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். அப்படியிருந்தும் இதற்கென்று மருத்துவம் உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை.

எனக்கும் அது காதுவலியாகத்தான் வந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், துணி குவிந்து கிடந்த நேரம். இடது காதுக்குள் குடைந்தது. அப்புறம் அதே பக்கம் நெற்றிப்பொட்டில் தலைவலி சேர்ந்துகொண்டது. மாமியார் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடச் சொன்னார். மகள் விடவில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கும்மா" என்றார். பிறகு என் இரண்டு காதுக்கும் முன்னால், காதுமடல் தொடங்குகிற இடத்தில், தன் விரல்களை வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். அடுத்து என் விரல்களையே அங்கே வைக்கச் சொன்னார். வலது விரலுக்கடியில் எலும்பு வழுக்கிக்கொண்டு போய் வந்தது. இடது விரலுக்கடியில் ஒரு தடங்கல், ஒரு துள்ளல், அப்புறம்தான் நகர்வு. வலியும் சரியாக அங்கேயே இருந்தது. "இது காது இல்ல, தாடை மூட்டு. பல் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பினார். அந்தச் சில நிமிடப் பரிசோதனைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். படிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே விரலை வைத்து வாயைத் திறந்து பார்க்கலாம், மூட்டு எங்கே இருக்கிறதென்று உடனே தெரிந்துவிடும்.

கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கிறது. காதுக்கு முன்னால் மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவில், ரவிக்கைத் தோளுக்குள் நாங்கள் வைக்கும் பஞ்சுபோல, குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது எலும்பு முனை நின்ற இடத்திலேயே சுழல்கிறது. இன்னும் அகலத் திறந்தால் குழியை விட்டு முன்னோக்கிச் சறுக்குகிறது. இடமும் வலமும் ஒரே நேரத்தில் இதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் தாடை ஒரே எலும்பு. நடுவில் உள்ள தட்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்துபோனால், வாய் திறக்கும்போது எலும்பு முனை அதன் மேல் ஏறுகிற சத்தம்தான் அந்த டக். ஏற முடியாமல் தட்டு குறுக்கே நின்றுவிட்டால் வாய் பாதியிலேயே நின்றுவிடும். நம் ஊரில் "வாய் பூட்டிக்கிச்சு" என்கிறோமே, அதில் ஒரு வகை இது. காதில் ஏன் வலிக்கிறது என்றால், இந்த மூட்டுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் மட்டும் வருகிறது, வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. சத்தத்துக்குப் பயந்து யாரும் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பலருக்கு மூட்டைவிட அதை இழுக்கும் தசைகளில்தான் வலியே. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைக்கிறதே, அந்தத் தசையும் நெற்றிப்பொட்டில் விரிந்திருக்கும் தசையும் ஓய்வில்லாமல் இறுகிக் கிடந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர, மேல்பல்லும் கீழ்பல்லும் தொடவே கூடாதாம். உதடு மூடியிருக்கலாம், உள்ளே பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் படிந்திருக்க வேண்டும். பிசியோதெரபி படிக்கும் என் மகள் இதைச் சொன்னபோதுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். எங்கள் தொழிலில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது எல்லோருக்கும் வழக்கம். கை வளைவும் கழுத்து வளைவும் தைக்கும்போது மூச்சோடு சேர்ந்து பல்லும் தானாக இறுகிக்கொள்ளும். மகள் செய்தது இரண்டு வேலை. சின்னக் கத்தரி ஒன்றை நாடாவில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். துணிக்குக் குறி போடும் சுண்ணாம்புக்கட்டியால் மெஷின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பார்த்து விட்டுவிட வேண்டும். "பல்லை விடும்மா" என்று சமையலறையிலிருந்து அவள் குரல் கொடுக்காத நாள் அப்போது இல்லை. மாத்திரையைவிட அந்தப் புள்ளிதான் எனக்கு அதிகம் உதவியது என்பது என் அனுபவம்.

பல்லைக் கடிக்க வைப்பது தையல் வளைவு மட்டும் இல்லை. குழுக் கடன் தவணை நாள் நெருங்கினால் எங்கள் தெருவில் எத்தனை பெண்களின் கன்னம் இறுகிப் போகிறதென்று எனக்குத் தெரியும். மனக்கவலையும் தூக்கமின்மையும் இந்த வலியைக் கூட்டுகின்றன என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம். இதைச் சொன்னால் "அப்ப வலி பொய்யா?" என்று கேட்கிறார்கள். பொய் இல்லை. தசை இறுகுவது உண்மை, வலிப்பதும் உண்மை. அது தொடங்குகிற இடம் மனசாக இருக்கலாம் என்பதால், அதற்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பது இன்னொன்று. குழந்தை கடித்தால் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. குழந்தைகளிடம் இது சாதாரணம், பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். பெரியவர்களுக்கு நிற்காவிட்டால் பல் தேய்ந்து கூச்சம் எடுக்கும். அவர்களுக்கு இரவில் போட்டுக்கொள்ளப் பல் மருத்துவர் ஓர் உறை செய்து தருவார், நைட் கார்டு என்பார்கள். பல் தேயாமல் அது காக்கும். வலி தீருவதற்கு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கத்தில் என் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு இதே வலி. ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கினார்கள். இரண்டிலும் சொத்தை இல்லை, கறைதான் இருந்தது. "ஃப்ளோரைடு தண்ணியால பல்லு கெட்டுப்போச்சு, அதான் தவடைக்கும் வலி வருது" என்று சொல்லியிருக்கிறார்கள். பல் போனது, வலி போகவில்லை. இன்று அவள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள், அதனால் அந்தப் பக்கத் தசைக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் தொடங்கிவைத்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் முளைத்து வரும் சிறு வயதில் வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. அளவு மிக அதிகமானால் முதுகெலும்பையும் மூட்டுகளையும்கூட அது பாதிக்கும், அந்தக் கொடுமையை நம் கிராமங்கள் பார்த்திருக்கின்றன. ஆனால் வாயைச் சுற்றி எங்கே வலித்தாலும் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடவே மாட்டார்கள். கறைப் பல் என்பதற்காக அது பிடுங்க வேண்டிய பல் ஆகிவிடாது. தாடை மூட்டு வலிக்காக ஆரோக்கியமான பல்லைப் பிடுங்குவதும் ராவுவதும் சரியான வைத்தியமே இல்லை. போன பல் திரும்பி வராது.

பல்லின் மேல் பழி போடும் எண்ணத்துக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேம்ஸ் காஸ்டன் என்று ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் இருந்தார். காதுவலி, காதிரைச்சல் என்று வந்தவர்களில் சிலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருக்கிறதென்று 1934-இல் எழுதினார். அது பெரிய காரியம். ஆனால் கடைவாய்ப்பல் இல்லாததால் தாடை மேலே ஏறி அழுத்துவதுதான் காரணம் என்று அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்த உடற்கூற்று ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. இருந்தும் பல் பொருத்தத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் ஓடியது.

இப்போது நிலைமை தெளிவாகியிருக்கிறது. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மகள் அதைப் படித்து எனக்குத் தமிழில் விளக்கினாள். அதில் உறுதியாகப் பரிந்துரைத்திருப்பவை எல்லாம் எளிமையானவை: மனப்பழக்கத்தை மாற்றும் ஆலோசனை, பயிற்சி பெற்றவர் கையால் தாடையை அசைத்துக் கொடுப்பது, தசையில் முடிச்சிட்ட இடங்களை அழுத்தி இளக்குவது, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி. மூட்டுக்குள் உள்ள தட்டை அறுத்து எடுக்கும் சிகிச்சையும், பல் அமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் உறைகளும் வேண்டவே வேண்டாம் என்று அதே அளவு உறுதியாகச் சொல்கிறது. சாதாரண நைட் கார்டைக்கூட வலிக்கான முதல் வைத்தியமாக அது வைக்கவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றை எழுதுகிறேன். கண்ணாடி முன் உட்கார்ந்து, நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைக்க வேண்டும். நாக்கு அங்கிருந்து விலகாமல் வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு மட்டும் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ஒரு வேளைக்கு ஆறு முறை போதும், நாளைக்குச் சில வேளை செய்யலாம். முதலில் என் தாடை திறக்கும்போதே இடது பக்கம் ஒதுங்கிப் போனது கண்ணாடியில் தெரிந்தது. நேராக இறக்கப் பழக வேண்டும், வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வாய் எவ்வளவு திறக்கிறதென்று பார்க்க என் இன்ச் டேப்பையே எடுத்தேன். அதன் மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கிறதே. பெரியவர்களுக்கு மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் நடுவில் 4 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும். எனக்கு அப்போது 3-ஐத் தொடவில்லை, இப்போது 4-ஐத் தாண்டுகிறது. டேப் இல்லாதவர்கள் தங்கள் மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால் போதும், நுழைய வேண்டும்.

ஒத்தடம் நல்ல பலன் தரும். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூட்டைப் புறங்கையில் பார்த்த பிறகு, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் கால் மணி நேரம் ஒற்றி எடுத்தால் தசை இளகும். சுளுக்கு வழிக்கிறேன் என்று தாடையைப் பிடித்துத் திருகி உடைத்துச் சத்தம் வரவைப்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். வலி மாத்திரை சில நாளைக்குத் துணை செய்யும். ஆனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கை முட்டியைக் கொடுத்துக்கொள்வது நல்லது. திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் யாரும் வீட்டில் அமுக்கிப் பார்க்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் கையாலேயே ஏற்றிவிடுவார்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. வலி கடுமையாக இருக்கும் வாரங்களில் மென்மையான சாப்பாடு சாப்பிடச் சொல்கிறார்கள். கேழ்வரகு களியைவிட மென்மையானது என்ன இருக்கிறது? அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிளறி, கையில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்தால், அதைக் கீரைக் கடைசலிலோ கொள்ளுக் கடைசலிலோ தொட்டு அப்படியே விழுங்குவதுதான் நம் முறை. களியை மெல்லுகிறவரைப் பார்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சத்தும் குறையாது, தாடைக்கும் ஓய்வு. அந்த வாரங்களில் ரொட்டிப் பாலும் கஞ்சியும் குடித்து மெலிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்கு அவசியமே இல்லை. விட வேண்டியவையும் நம் ஊர்ப் பண்டங்கள்தான்: வறுத்த புளியங்கொட்டை, கடித்துத் தின்னும் பெங்களூரா மாங்காய், கரும்பு, முறுக்கு, கறி எலும்பு. புளி தட்டும் வேலைக்குப் போகும் பெண்கள் நாள் முழுக்க புளியங்கொட்டையை வாயில் போட்டு அரைத்துக்கொண்டிருப்பார்கள். தாடை வலி உள்ளவர்கள் அதை முதலில் நிறுத்திப் பார்க்கட்டும். மாங்காயை மெல்லிசாகச் சீவித் தின்றால் யாரும் தடுக்கப் போவதில்லை.

எல்லாத் தாடை வலியையும் மூட்டு வலி என்று நினைத்துவிடவும் கூடாது. இதை உங்கள் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட வேண்டும். நடந்தால், பாரம் தூக்கினால் தாடையில் வலி வந்து, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, பார்வையும் மங்கினால் அது இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் ஞானப்பல்லில் சீழ் பிடித்திருக்கக் கூடும். காயம்பட்ட சில நாளில் வாய் இறுகினால் அது ரணஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கலாம்.

இன்னொன்று, நம் பக்கம் கண்முன்னே நடப்பது. பாக்கும் குட்காவும் போடுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். காரம் பட்டால் எரியும். கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, தொட்டால் நாராக இறுகியிருக்கும். அதற்கும் மூட்டுக்கும் சம்பந்தமில்லை. அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. குட்காவுக்கு 2013-இலேயே தமிழ்நாட்டில் தடை போட்டாலும், எல்லைப் பக்கத்து ஊர்களில் அது கிடைக்காமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டட வேலைக்கும் கல் குவாரிக்கும் போகும் இளைஞர்கள் மூன்று விரல் பரிசோதனையைச் செய்து பார்க்கட்டும். விரல் நுழையாதவர்கள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராமல் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அரசுக்கும் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சையாளர்கள் வீடு தேடி வந்து பக்கவாதம் வந்தவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். தாடைப் பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு கண்ணாடி போதும். அந்தச் சிகிச்சையாளர்களுக்கு இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும். தாலுகா மருத்துவமனைகளில் பல் மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரே நேரத்தில் தாடை வலிக்காரர்களைப் பார்க்க ஏற்பாடு செய்தால், அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ வரும் கூலிக்காரப் பெண் ஒரு நாள் கூலியோடு தப்பிப்பாள். பல்லைப் பிடுங்குமுன் எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு என்பதையும் அங்கே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் தாடை மூட்டைப் பற்றி, படத்தோடு, ஒரு மருத்துவரைக் கொண்டு முழுப் பக்கம் எழுதச் செய்யுங்கள். வெட்டி எடுத்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் நிற்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். பென்னாகரத்துக்கும் ஒரு பிரதி அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.